ஜக்கையன் பார்த்த முதுகுகள்

ஜக்கையன் என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது போடிமெட்டு ரோட்டில், கன்னையன் ஓட்டின ஜீப்புக்குள். கொரோனா ஓய்ந்து ஜீப்புகள் மறுபடி மலைக்கு ஓட ஆரம்பித்த வருசம் அது. ஏலக்காய் எடுக்கப் போகிற பொம்பளைகள் பதினாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு வளைவில் மஞ்சு மூட்டத்துக்குள் இருந்து லாரி ஒன்று மூக்கை நீட்டியது. கன்னையன் போட்ட பிரேக்கில் என் தூக்குவாளி எதிரில் இருந்தவள் மடியில் போய் விழுந்தது. லாரிக்கும் ஜீப்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது.

சத்தம் அடங்கினதும் கன்னையன் ஸ்டியரிங்கில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “ஜக்கையன் கட்டின கயிறுல்ல. சும்மாவா?” என்றான்.

“எந்த ஊரு ஜக்கையன்? யாரு மகன்?” என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். “ஏன் அக்கா, பொண்ணு கிண்ணு குடுக்கப் போறீகளா? பொம்பளையைக் கண்டா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிற ஆளு அது.”

“சிலமலை. மந்திரிக்கிற மொக்கச்சாமி மகன்” என்றான் கன்னையன்.

“எந்த மொக்கச்சாமி? ஒரு காது மடல் அறுந்திருக்குமே, அவரா?”

“அவரேதான். செத்து ஏழு வருசம் ஆச்சு.”

அந்தக் காது அறுந்ததை நான் நேரில் பார்த்தவள். காது குத்தின அன்றைக்கே கடுக்கனை ஆடு கவ்வி இழுத்துவிட்டது. மொக்கச்சாமி என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. என் தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் முதல் இலைக்கு யார் உட்காருவது என்று வந்த சண்டையில் போக்குவரத்து விட்டுப்போனது. முப்பத்தாறு வருசம். அண்ணன் செத்ததுகூட ஜீப்பில் வைத்துத்தான் எனக்குத் தெரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்கு பஸ் ஏறினேன். ஊருக்குக் கிழக்கே வாய்க்கால். அதன் மேலே ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினால் தென்னை மரத்தடியில் ஓட்டு வீடு. வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் உள்ளே போனேன். முப்பத்தி நாலு வயசு இருக்கும், நல்ல உயரம், ஆனால் யார் முகமும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் குனிந்தே இருந்தான்.

“நான் குருவம்மாள்டா. உங்கப்பனுக்குத் தங்கச்சி முறை. உனக்கு அத்தை” என்றேன்.

என் பாதத்தைப் பார்த்தான். மணைப்பலகையை எடுத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன். “எந்த இடத்துல வலி?” என்று கேட்டான்.

“வலி இல்லடா. பாக்க வந்தேன்.”

அவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை போல. வேப்பங்கொத்தை எடுத்து என் தலையைச் சுற்றி, உதட்டுக்குள் மந்திரத்தைச் சொல்லி, உச்சியில் திருநீற்றை ஊதிவிட்டான். சொந்தம் கொண்டாடப் போன என்னையும் மந்திரித்து அனுப்பிவிட்டான்.

அனுப்பிவிட்டான் என்றால், அதற்கு ஒரு முறை இருக்கிறது. மந்திரித்துக்கொண்டவர்கள் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது. எழுந்து நேரே நடந்து அந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் வந்த கோளாறு போய்விட்டது. சொல்லிவிட்டுப் போனாலோ திரும்பிப் பார்த்தாலோ கோளாறும் கூடவே திரும்பி வந்துவிடும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. அதனால் நானும் என் அண்ணன் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்தேன். முப்பத்தாறு வருசம் கழித்துப் போன வீட்டில் இருந்து கடனே என்று விறுவிறுவென்று நடந்து வந்த கதை என்னுடையதாகத்தான் இருக்கும்.

அதற்கப்புறம் நிறையத் தடவை போனேன். மணைப்பலகையைப் பார்த்ததும் “எனக்கு வேண்டாம், தள்ளி வையி” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான். ஒரு நாள் சொன்னான்: “ஆளு வரும்போது நான் குனிஞ்சிருப்பேன் அத்தை. போகும்போது நிமிந்து பாப்பேன். எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டுப் போவாங்க. இந்த ஊருல முகத்தை வச்சு எனக்கு யாரையும் தெரியாது. முதுகை வச்சு எல்லாரையும் தெரியும்.”

பத்து வயசில் இருந்து அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தவன். கிரகணத்தன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று மந்திரத்தை உருவேற்றுவான். வேலை செய்தால் வெத்தலை பாக்கு மட்டும் வாங்குவான். தேள்கடி, பயந்த கோளாறு, ஜீப்புக்குக் கயிறு, பால் கறக்க விடாத மாட்டுக்குத் திருநீறு, எல்லாம் செய்வான். வசியம் மட்டும் செய்ய மாட்டான். இளவட்டங்கள் வந்து கேட்டால் காது கேட்காதவன் மாதிரி வேப்பிலையை உருவிக்கொண்டிருப்பான். அவன் வாழ்க்கையில் அவனிடம் “போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போன ஆள் ஒருத்தரும் கிடையாது. ஆத்தா சின்ன வயசிலேயே போய்விட்டாள். அவளும் சொல்லவில்லை.

அந்த ஆடியில் அவனுக்கு மலையில் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காயை உணத்திக் காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை கிடைத்தது. எங்கள் ஜீப்பிலேயே வருவான். முன் சீட்டில் கன்னையன் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். பின்னால் இருக்கிற பதினாலு பொம்பளைகளில் பொட்டிபுரத்துப் பொன்னுமணியும் ஒருத்தி.

பொன்னுமணிக்கு முப்பது வயசு. ரெண்டு தடவை பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள், மூணாவது மாப்பிள்ளையை இவள் வேண்டாம் என்றாள். வாய் துடுக்கு. அவளுடைய ஆத்தா அன்னக்கொடியும் என் சித்தியும் ஒரே தெரு. அதனால் அன்னக்கொடி எனக்கு அக்கா முறை.

ஒரு காலையில் பொன்னுமணி ஏலச்செடிக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சு விலகினதும் பார்த்தால் பத்தடியில் ஒத்தை யானை. அது இவளைப் பார்த்தது, இவள் அதைப் பார்த்தாள். யானை போய்விட்டது. இவளுக்குத்தான் பயம் போகவில்லை. செடிக்குள் குனிந்தாலே கை நடுங்கும், சோறு இறங்காது. மலையாளத்து சூப்பர்வைசர் “பேடிக்கண்ட, பேடிக்கண்ட” என்று சொல்லிப் பார்த்தார். “பயப்படாதேன்னு சொன்னா பயம் போயிருமா? நீங்க யானைகிட்டப் போய் வராதேன்னு சொல்லுங்க” என்று அந்த நடுக்கத்திலும் அவரை மடக்கினாள்.

அன்னக்கொடி அவளை ஜக்கையனிடம் கூட்டிப்போனாள். பயந்த கோளாறுக்கு மூணு ஞாயிறு மந்திரிக்க வேண்டும். நானும் கூடப் போனேன். முதல் ஞாயிறு அவள் நடுங்கிக்கொண்டே வந்தாள். ரெண்டாவது ஞாயிறு அவன் வீட்டுக் கூரையில் ஓடு சரிந்திருக்கிறது என்றாள். மூணாவது ஞாயிறு மந்திரம் நடந்துகொண்டிருக்கும்போது திருநீறு மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டாள். ஜக்கையன் நிறுத்தினான். திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தான். மூணு ஞாயிறும் எழுந்து, முறை தப்பாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் பாலத்தைத் தாண்டிப் போனாள். மூணாவது தடவை அவன் எவ்வளவு நேரம் அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று எனக்குத்தான் தெரியும்.

பயம் போய்விட்டது. மறுவாரம் ஜீப்பில் வழக்கம்போல் வாயடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் பேச்செல்லாம் முன் சீட்டைப் பார்த்தே இருந்தது.

“ஏன் கன்னையன் அண்ணே, முன்னால ஒரு சட்டை தொங்குதே, அதுக்குள்ள ஆளு இருக்கா?”

கன்னையன் சிரிப்பான். ஜக்கையன் காது சிவந்துபோகும். திரும்ப மாட்டான்.

“எல்லார் முதுகையும் அவரு பாப்பாராம். அவரு முதுகை நான் தினமும் பாக்குறேன்” என்பாள்.

கன்னையனிடம் நம்பரை வாங்கி, ‘சாப்பிட்டீங்களா’ என்று போனில் அனுப்பியிருக்கிறாள். ரெண்டு நாள் கழித்து ‘ஆம்’ என்று பதில் வந்தது. ஜீப்பில் எல்லாருக்கும் காட்டினாள். “செவ்வாக்கிழமை சாப்பிட்டதுக்கு வியாழக்கிழமை ஒத்துக்கிட்டாரு பாருங்க.”

கன்னையன் ஜக்கையன் தொடையில் தட்டினான். “மாப்ளே, ஊருக்கெல்லாம் கயிறு கட்டுறியே, உனக்கு ஒண்ணு கட்டிக்கக் கூடாதா?”

“தனக்குத் தானே கட்டக் கூடாது” என்றான் ஜக்கையன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அன்றைக்கு ஜீப்பில் அவன் பேசினது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பொன்னுமணி தனியாகவே சிலமலைக்கு வந்தாள். தேள் கொட்டிவிட்டது என்று வலது காலைத் தூக்கிக் காட்டினாள். நான் அன்றைக்கு அங்கே அவனுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜக்கையன் பாதத்தைப் பார்த்தான்.

“தேள் கொட்டலை” என்றான்.

“கொட்டுச்சு.”

“கொட்டின இடம் இல்லை. கடுப்பு ஏறலை. வரும்போது இடது காலை நொண்டிக்கிட்டு வந்தீங்க.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி, “உங்களுக்கு ஒண்ணும் இல்லை. இனிமே இங்க வரவேண்டாம்” என்றான்.

பொன்னுமணி முகம் சுண்டிப்போனது. எழுந்தாள், விறுவிறுவென்று போனாள். மந்திரிக்காமலேயே சொல்லாமல் போனாள்.

நான் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “ஏண்டா, உனக்கு மண்டையில மசாலா இருக்கா? ஒரு பொம்பளைப் பிள்ளை இல்லாத தேளைத் தேடிக் கூட்டிட்டு வருது. வரவேண்டாம்ங்கிற?”

அவன் மணைப்பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். “எண்ணிக்கை தப்பிப்போச்சு அத்தை.”

“என்ன எண்ணிக்கை?”

“பயத்துக்கு மந்திரத்தை இருபத்தோரு உரு சொல்லணும். ஒவ்வொரு உருவுக்கும் ஆளு பேரை ஒரு தடவை சொல்லணும். மூணாவது ஞாயிறு அவங்க தும்முனாங்கள்ல, அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. மந்திரம் எங்கேயோ விட்டுப்போச்சு. பேரை மட்டும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். எத்தனை தடவைன்னு தெரியலை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. கண் கலங்கியிருந்தான்.

“அப்படிச் சொன்னா அது வசியமாப் போயிரும் அத்தை. அப்பா சொல்லியிருக்காரு. அவங்க தானா வரலை. நான்தான் தெரியாமக் கட்டி இழுக்குறேன்.”

இதுதான் அவன் பயம். அவளைப் பிடிக்கும், அதில் சந்தேகம் இல்லை. அவளுக்கு இவனைப் பிடிக்கிறதே, அது அவள் மனசா, இவன் மந்திரமா என்று இவனுக்கே தெரியவில்லை. அவன் நம்புகிறதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தக் கயிற்றை நம்பி ஜீப்பில் போகிறவள்தானே.

இதற்கு நடுவில் அன்னக்கொடி கம்பத்தில் உரக்கடை வைத்திருக்கிற காசிராஜனுக்குப் பேசி, நிச்சயத்துக்குப் பாக்கு மாற்ற நாள் குறித்துவிட்டாள். பொன்னுமணி மாட்டேன் என்றாள். யாரைக் கட்டிக்கொள்வாய் என்று கேட்டதற்கு, “வரவேண்டாம்னு சொன்ன ஆளைத்தான்” என்று சொல்லியிருக்கிறாள். அன்னக்கொடிக்கு அவ்வளவு போதும். ஊரில் பத்துப் பேர் ‘வசியம்தான்’ என்றார்கள். மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிலமலைக்கு வந்துவிட்டாள். வாசலில் ஆட்கள் காத்திருக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காலை.

“ஏண்டா, என் மகளுக்கு என்னடா செஞ்ச?”

“அக்கா, உள்ள வந்து பேசுங்க” என்றேன்.

“நீ சும்மா இரு! உன் மருமகன்னு பரிஞ்சு பேசாத. டேய், சொல்லுடா. வசியம் வச்சியா இல்லையா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஜக்கையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “தெரிஞ்சு வைக்கலை ஆத்தா. ஆனா தப்பு நடந்துபோச்சு. என் தப்புதான்.” எண்ணிக்கை தப்பினது, பேரை மட்டும் சொன்னது, எல்லாவற்றையும் அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பொன்னுமணிதான் முதலில் பேசினாள். ஆத்தா பிடித்திருந்த கையைக் கோபத்தில் உதறினாள்.

“அப்ப எனக்குன்னு ஒரு மனசு இல்லையா? நீ கட்டிவிட்டதாலதான் எனக்குப் பிடிச்சுச்சா?”

“தெரியலைங்க. வசியத்தை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

“எடுய்யா” என்றாள். மணைப்பலகையை அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நல்லா எடு” என்றாள் அன்னக்கொடி. “பாலத்தைத் தாண்டிட்டா எல்லாம் எடுபட்டுப்போயிரும். நேரா கம்பத்துக்குப் பாக்கு மாத்தப் போறோம்.”

பொன்னுமணி கழுத்தைத் திருப்பி ஆத்தாளைப் பார்த்தாள்.

ஜக்கையன் கைகால் கழுவி வந்தான். ஒரு உரு முடிய ஒரு வேப்பிலையைத் தரையில் வைத்தான். ஒவ்வொன்றிலும் ‘பொன்னுமணி’ என்று ஒரே ஒரு தடவை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். மனசுக்குள் நம்ம ஜக்கம்மாவை வேண்டினேன், இந்தத் தடவையும் இவனுக்கு எண்ணிக்கை தப்பட்டும் தாயே என்று. தப்பவில்லை. வேர்வை சொட்டச் சொட்ட, ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல், இருபத்தோரு இலை. அவளைத் தன்னிடமிருந்து எடுத்து வெளியே விடுகிறான், அதைக்கூடத் திருத்தமாகச் செய்தான் அந்தக் கிறுக்கன். மூணாவது ஞாயிறு அவள் மணிக்கட்டில் அவன் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அறுத்து வாய்க்காலில் எறிந்தான். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பொன்னுமணி எழுந்தாள். சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. நேரே நடந்தாள். அன்னக்கொடி பின்னாலேயே ஓடினாள். பொன்னுமணி தென்னை மரத்தைத் தாண்டினாள். பாலத்தில் ஏறினாள். இறங்கினாள்.

“தாண்டிட்டா! எடுபட்டுப்போச்சு!” என்று அன்னக்கொடி ரோட்டில் நின்று கையைத் தட்டினாள்.

ஜக்கையன் குனிந்து அந்த இருபத்தோரு இலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். “அடுத்த ஆளை வரச் சொல்லுங்க அத்தை” என்றான்.

நான் வாசலுக்கு வந்தேன். பொன்னுமணி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று, கூந்தலை அவிழ்த்து ஒரு தடவை உதறி முடிந்துகொண்டாள். அப்புறம் திரும்பினாள். பாலத்தில் ஏறி, வந்த வழியே நடந்து வந்தாள்.

“ஏய், எங்கடி போற? திரும்பக் கூடாதுடி!” என்று அன்னக்கொடி கத்தினாள்.

“அது தாண்டுற வரைக்கும்தான? தாண்டியாச்சுன்னு நீதான சத்தம் போட்ட? ஊரே கேட்டுச்சு.”

பொன்னுமணி நேரே வாசலுக்கு வந்து நிலைப்படியில் கையை வைத்தாள். ஜக்கையன் கையில் இலையோடு தரையைப் பார்த்திருந்தான்.

“எல்லாத்தையும் எடுத்தாச்சா? மிச்சம் மீதி ஏதும் இருக்கா?”

“எடுத்தாச்சுங்க.”

“எண்ணிக்கை?”

“இருபத்தொண்ணு. சரியா.”

“அப்ப இது என் காலு. நானா நடந்து வந்திருக்கேன். நிமிந்து பாருங்க.”

நிமிர்ந்தான். அவள் முகத்தை அவன் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

“இப்ப ஆத்தாளைச் சமாதானம் பண்ணப் போறேன்” என்றாள். “போயிட்டு வர்றேன்.”

அந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது என்று அவனுக்கு எங்கே தெரியும்? அவனிடம் யாரும் சொன்னதே இல்லையே. இலையைக் கீழே போட்டான், எடுத்தான், என்னைப் பார்த்தான். கடைசியில், “வெரசா வாங்க” என்றான்.

காத்திருந்த கூட்டம் சிரித்த சிரிப்பில் தென்னையில் இருந்த காக்கா பறந்தது. பொன்னுமணியும் சிரித்துக்கொண்டே போனாள். பாலம் வரைக்கும் மூணு தடவை திரும்பிப் பார்த்தாள்.

காசிராஜன் வீட்டுக்கு அன்னக்கொடியே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். அவர்கள் நல்ல மாதிரி, பேச்சை வளர்க்கவில்லை. தை மாசம் கல்யாணம் நடந்தது. பந்தியில் முதல் இலைக்கு என்னை உட்காரவைத்தான் என் மருமகன். அந்தப் பழைய பந்திச் சண்டையை மறந்தாற்போல்தான் இருந்தேன், ஆனாலும் கண் நிறைந்துபோனது. அன்னக்கொடி மூணு மாசம் மருமகனோடு பேசவில்லை. நாலாவது மாசம் முழங்கால் வலி வந்ததும் மணைப்பலகையில் வந்து உட்கார்ந்தாள். மந்திரித்துக்கொண்டு, மருமகனிடமும் மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விறுவிறுவென்று பாலத்தைத் தாண்டிப் போனாள். “உங்க ஆத்தா முதுகும் உன் முதுகு மாதிரியே இருக்கு” என்று ஜக்கையன் பொன்னுமணியிடம் சொன்னானாம். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்லியிருக்கிறான்.

ஜக்கையன் இப்போது சிலமலையில் அதே வாய்க்கால் வீட்டில் பொன்னுமணியோடு இருக்கிறான். ஆறு நாள் கன்னையன் ஜீப்பில் ஸ்டோர் வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறு கட்டுகிறான்.